மறையூர் வழியாக ஏறி, பெரியாற்றோடு இறங்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். கோவையிலிருந்து பொங்கல் விடுமுறையை ஒட்டி ஆறு நாள், சொந்த காரில் கேரளம். எழுபதை நெருங்கும் அப்பா, அம்மா. ஒன்பது வயது மகள். மலையும் வேண்டும், கடலும் வேண்டும். ஒரு பயண முகவர் கொடுத்த திட்டத்தில் மூணாறு, தேக்கடி, ஆலப்புழைப் படகுவீடு, கோவளம், கன்னியாகுமரி என ஐந்து இடங்கள், ஐந்து இரவுகள், ஐந்து விடுதிகள். 'இது சரியாக வருமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

வராது. உடுமலைப்பேட்டையில் பிறந்து, வேலை நிமித்தமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆலுவாவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இதே போன்ற ஒரு திட்டத்தில் என் பெற்றோரை ஒருமுறை அழைத்துப் போனேன். நான்காம் நாள் காலையில் அம்மா கேட்டது, 'இன்றைக்கும் பெட்டி கட்ட வேண்டுமா?' என்றுதான். அந்தப் பயணத்தில் அவர் அதிகம் பார்த்தது காரின் முன் இருக்கையின் முதுகை.

கேரளத்தின் வரைபடம் ஏமாற்றும். ஒடுங்கிய நிலம், மலைக்கும் கடலுக்கும் விரல் அகலம்தான் என்று தோன்றும். மூணாற்றிலிருந்து எர்ணாகுளம் 130 கிலோமீட்டர். ஆனால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது, விடுமுறை நாளில் ஐந்தரை ஆகும். மூணாறு முதல் தேக்கடி வரை 90 கிலோமீட்டர். வளைவுகளில் மூன்று மணி நேரம் போய்விடும். சமவெளியில் ஊரும் சந்தையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அங்கும் வேகம் எடுக்க முடியாது. எனவே கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் திட்டமிடுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் தவிர, ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் காரில் உட்காரக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால், அந்த ஐந்து இடங்களில் மூன்று தாமாகவே உதிர்ந்துவிடும்.

முதலில் உதிர வேண்டியது தேக்கடி. அது நல்ல இடமே; பென்னிகுயிக் கட்டி 1895-இல் நிறைவேறிய முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கத்தில்தான் படகு ஓடுகிறது. ஆனால் நீங்கள் போகும் நாட்கள் மகரவிளக்கை ஒட்டியவை. அப்போது கம்பம், குமுளிச் சாலை முழுவதும் சபரிமலை வாகனங்கள்தான். கோவளமும் கன்னியாகுமரியும் தெற்கு முனையில் இருப்பவை. அவற்றை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பிறகு சொல்கிறேன்.

இப்போது என் திட்டம். மூணாற்றில் இரண்டு இரவு, கொச்சிக் கோட்டைப் பகுதியில் (ஃபோர்ட் கொச்சி) ஓர் இரவு, மாராரிக் கடற்கரையில் இரண்டு இரவு. மூன்றே விடுதிகள். எந்தப் பக்கமாக ஏறி எந்தப் பக்கமாக இறங்குகிறீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். கோவையிலிருந்து பலரும் பாலக்காடு வழியாக எர்ணாகுளம் போய், அங்கிருந்து மூணாறு ஏறுவார்கள். நீங்கள் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக ஏறுங்கள். அடிமாலி, நேரியமங்கலம் வழியாக இறங்குங்கள். ஒரே மலையின் காய்ந்த முதுகில் ஏறி, நனைந்த மார்பில் இறங்குவது அது. கேரளம் ஏன் பச்சையாக இருக்கிறது, நம் பக்கம் ஏன் அப்படி இல்லை என்பதற்கு உங்கள் மகள் கண்ணாலேயே விடை காண்பாள்.

உடுமலையைத் தாண்டி ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்ததும் முள்மரங்களும் கள்ளியும்தான். எல்லையைக் கடந்தால் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். கேரளம் தொடங்கிவிட்டது என்று பலகை சொல்லும், நிலம் சொல்லாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர் மழைதான் அங்கே. அதே மலையில் மேலே இருக்கும் மூணாற்றில் அதைப் போலப் பல மடங்கு பெய்கிறது. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மோதி, உயர்ந்து, குளிர்ந்து, தண்ணீரை அங்கேயே கொட்டிவிடும். மலையைத் தாண்டி இறங்கும்போது வெறும் காற்றாகத்தான் வரும். ஆனியிலும் ஆடியிலும் உடுமலையின் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே, அது மழையை அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு வந்த காற்று. சிறுவயதில் அந்தக் காற்றில் புழுதி தின்றுகொண்டே சைக்கிள் மிதித்த எனக்கு, முப்பது வயதில் மூணாற்று மழையில் நின்றபோதுதான் இது உறைத்தது.

இந்தக் காட்டுச் சாலை இரவில் மூடப்படும். காலை ஆறரைக்குக் கோவையை விட்டால் பதினொன்றுக்குள் மறையூரில் இருக்கலாம். வழியில் யானை நின்றால் காரை நிறுத்திக் காத்திருங்கள். இறங்க வேண்டாம், ஒலிப்பானை அழுத்த வேண்டாம்.

மறையூரில் மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். சாலையோரத்தில் கம்பி வேலிக்குள் நிற்பவை இயற்கையாக வளர்ந்த சந்தன மரங்கள். சற்று மேலே பாறைமேட்டில் முனியறைகள் இருக்கின்றன: பலகைக்கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். கரும்புக் காட்டின் நடுவே கொட்டகை போட்டு வெல்லம் காய்ச்சுவார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் பிடித்த உருண்டைகளாக, சூடு ஆறாமல் வாங்கலாம். காய்ச்சுகிறவர்களிடம் தமிழிலேயே பேசலாம்.

அங்கே ஓடும் பாம்பாற்றை மகளுக்குக் காட்டுங்கள். கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. இந்தப் பாம்பாறுதான் கீழே இறங்கி அமராவதி அணைக்கு வருகிறது; பிறகு தாராபுரம், கரூர் என்று போய்க் காவிரியில் கலக்கிறது. தலையாற்றுத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து மூணாற்றை நெருங்கும் வழியில் ஏதோ ஒரு மேட்டைத் தாண்டியதும் நீர் திசை மாறிவிடும். அங்கு விழும் மழை வங்கக் கடலுக்குப் போகாது. அரபிக் கடலுக்குப் போகும். அந்த நீரோடுதான் நீங்களும் இனி இறங்கப் போகிறீர்கள்.

மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்ற கணக்கில் கொச்சியைவிட ஒன்பது, பத்து டிகிரி குறைவு. ஜனவரி இரவுகளில் சில தோட்டங்களில் உறைபனி விழும் அளவுக்குக் குளிரும். உயரத்தால் பெரியவர்களுக்குத் தொல்லை வராது, குளிரால் வரும். கம்பளிக் குல்லாயும் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும்போது இரண்டே இரண்டு கேள்விகளைத் தொலைபேசியில் கேளுங்கள்: காலையில் வெந்நீர் எத்தனை மணி வரை வரும், அறைக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும். 'பள்ளத்தாக்குக் காட்சி' என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் பலவற்றில் அறைகள் சரிவில் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு விடுதியில் அறுபது படி இறங்கி, சாப்பாட்டுக்கு மறுபடி அறுபது படி ஏறி, என் அப்பாவின் முழங்கால் அன்றே வீங்கிவிட்டது. புகைப்படத்தில் படி தெரிவதில்லை.

இரண்டாம் நாள் காலையை இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் கொடுங்கள். இராஜமலை என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். நுழைவாயிலிலிருந்து வனத்துறை பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். பஸ் விட்ட இடத்திலிருந்து தார்ச்சாலையில் மெதுவான ஏற்றம். அப்பா, அம்மா முடிந்தவரை நடந்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். நம் மாநில விலங்கான வரையாடு அங்கே சாலையோரத்திலேயே மேயும். தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், அந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. வரையாடு குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுவார்கள். சில ஆண்டுகளில் இது முன்னதாகவே நடக்கும். ஆகவே இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போதே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலக்குறிஞ்சியைப் பற்றி மகள் கேட்பாள். 2006-இலும் 2018-இலும் பூத்தது; அடுத்தது 2030. அப்போது அவள் மறுபடி வரட்டும்.

பிற்பகலில் மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று ஒரே சாலையில் ஓடுவதுதான் வழக்கம். குண்டளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; டாப் ஸ்டேஷனில் பிற்பகலுக்குமேல் பெரும்பாலும் மேகம்தான் இருக்கும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகளை மேலே கொண்டுபோய், அங்கிருந்து கம்பிவடத்தில் போடிப் பக்கம் இறக்கினார்கள். 1924 பெருவெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை.

மூணாற்றில் நான் உங்களிடம் கேட்டுக்கொள்ளும் ஒன்று உண்டு. கொழுந்து கிள்ளும் பெண்களைக் கண்டதும் காரை நிறுத்திப் படம் எடுப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. எடுப்பதற்கு முன் பேசுங்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நான்கைந்து தலைமுறைக்கு முன் தென் மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேத்திகள். இன்றும் லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில்தான் வாழ்கிறார்கள். போனஸுக்கும் கூலிக்கும் 2015 செப்டம்பரில் ஆண் தலைவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்து போராடியவர்கள் இந்தப் பெண்கள்தான். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் மாண்டார்கள். அந்தப் பச்சைச் சரிவைப் பார்க்கும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மலைக்கு மழைக்காலத்தில் போகாதீர்கள் என்று நான் எப்போதும் வற்புறுத்துவதும் இதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவு அழகாக இருக்கும், உண்மை. ஆனால் வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் இடுக்கியிலோ வயநாட்டிலோ மலைச் சாலையில் இருக்கக் கூடாது. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் 2024 ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் என்ன ஆயின என்பதை நாம் பார்த்தோம். அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை. காலை வெயில் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி இறங்கும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் மலையும் கடலும் ஒருசேர ஒத்துழைக்கும் காலம். நீங்கள் சரியான மாதத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

மூன்றாம் நாள் இறக்கம். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுவதால்தான் மூணாறு என்ற பெயர். கூடிய நீர் பள்ளிவாசலில் மின்சாரமாகிறது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அது, 1940-இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் ஆறு ஒரு வழியிலும் சாலை வேறு வழியிலும் பிரிந்துவிடும். அடிமாலியைத் தாண்டினால் வாளறை, சீயப்பாறை அருவிகள். ஜனவரியில் நீர் மெலிந்துதான் இருக்கும். அங்கே ஒரு தேநீர் போதும். நேரியமங்கலத்தில் 1935-இல் திறந்த வளைவுப் பாலத்தில் ஏறும்போது கீழே அகலமாக ஓடுவது பெரியாறு. மூணாற்றில் பிரிந்த முதிரப்புழை அதற்குள் அதில் கலந்துவிட்டது. பாலத்தைத் தாண்டி, கரையில் காரை நிறுத்த இடம் கிடைத்தால் இறங்கிப் பாருங்கள். 244 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கொடுங்கல்லூர்ப் பக்கமும் மற்றது கொச்சிக் காயலுக்கும் போகிறது.

கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்ததுதான் பழைய முசிறி. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அந்தக் கலங்கள் நுரை கலங்கச் செய்த ஆறாக அது குறிப்பிடுவதும் இந்தப் பேரியாற்றைத்தான். நாம் சுற்றுலாவுக்குப் போகும் வழி, மிளகு இறங்கிய வழி.

கொச்சிக் கோட்டையில் கடல் குளிக்கத் தகுந்ததல்ல, நடக்கத் தகுந்தது. சீனவலைகளை மாலையில் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் காலை ஆறரைக்குப் போங்கள். கல் கட்டிய கயிறுகளை ஐந்தாறு பேர் சேர்ந்து இழுக்கும்போது வேலை எப்படி நடக்கிறது என்பது தெரியும். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ டகாமாவை 1524-இல் புதைத்த இடம் இருக்கிறது. எலும்புகள் பிறகு லிஸ்பனுக்குப் போய்விட்டன. 2023 முதல் ஓடும் வாட்டர் மெட்ரோவில் மகளை ஏற்றி ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஏறி இறங்கும் மேடை படகோடு சமமாக இருப்பதால் பெரியவர்களுக்கும் தொல்லை இல்லை.

நான்காம் நாள் மாராரி. ஆலப்புழைக்குச் சற்று வடக்கே, தென்னை நிழல் மணலைத் தொடும் மீனவக் கரை. கோவளத்தின் நெரிசல் இங்கே கிடையாது. ஊர்க்காரர்கள் வீட்டிலேயே அறை கொடுக்கிறார்கள். கிழக்குக் கரையில் பழகிய நமக்குச் சூரியன் கடலில் இறங்குவதே ஒரு காட்சி. தண்ணீரில் மட்டும் கவனம். அமைதியாகத் தெரியும் இடத்தில் அலை உடையாமல், நீர் கலங்கிக் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தால் அதுதான் ஆபத்தான இடம். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். மகள் முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். உயிர்காப்பாளர் கை காட்டினால் மறுபேச்சின்றி வெளியே வந்துவிடுங்கள். கள்ளக்கடல் என்று மீனவர்கள் ஒன்றைச் சொல்வார்கள்: காற்றும் மழையும் இல்லாமல், தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்த புயல் அலை திருடனைப் போலக் கரையேறும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வரும். எந்த மாதமானாலும் படகுகளை மேலே இழுத்துக் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தால், நாமும் மணலிலிருந்து மேலே வந்துவிட வேண்டும்.

படகுவீட்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மாலை ஐந்தரை வாக்கில் எல்லாப் படகுவீடுகளும் கரை கட்டிவிட வேண்டும். இரவில் மீனவர்கள் வலை போடுவார்கள். ஆக இரவு வாடகை என்பது கட்டிப்போட்ட படகில், இயந்திர ஓசையோடு தூங்குவதற்கான வாடகை. அதைக் காட்டிலும் ஐந்தாம் நாள் காலையில் ஆலப்புழைப் படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் குட்டநாட்டுக்குள் போய் வாருங்கள். சில பத்து ரூபாய் டிக்கெட்தான். பள்ளிப் பிள்ளைகள், சந்தைக் கூடைகள், அலுவலகம் போகிறவர்கள் எல்லோரும் அதில் ஏறி இறங்குவார்கள். கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் வயல்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் தெரியும். நீர் மேலே, நெல் கீழே. எந்தப் படகானாலும் உயிர்காப்பு அங்கி இல்லாமலும் பொழுது சாய்ந்த பிறகும் ஏறாதீர்கள். 2023 மே 7 மாலை தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்; குழந்தைகளே அதிகம்.

சாப்பாடு இரண்டு வரி. மட்டையரிசிச் சோறு அப்பா, அம்மாவுக்குச் சேராவிட்டால் 'பச்சரிச் சோறு' என்று கேளுங்கள். மேசையில் இளஞ்சிவப்பாக வரும் வெதுவெதுப்பான நீர் பதிமுகக் கட்டை போட்டுக் கொதித்தது, தயங்காமல் குடிக்கலாம். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் குடம்புளி போட்ட சிவப்பு மீன்குழம்பைக் கரையோரக் கடைகளில் விட்டுவிடாதீர்கள்.

ஒதுக்கி வைத்த தெற்குப் பயணத்துக்கு ஒரு குறிப்பு. அதற்குக் கார் வேண்டாம். செங்கோட்டையிலிருந்து பகல் ரயிலில் புனலூர் வழியாகக் கொல்லம் இறங்குங்கள். 1904-இல் போட்ட மலைப்பாதை. அகலப் பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி முழுமையாகத் திறந்தார்கள். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ரயில் வளையும். கொல்லத்துக்குத் தெற்கே வர்க்கலை. கேரளக் கரையில் செம்பாறைக் குன்று கடலருகே செங்குத்தாக நிற்பது அபூர்வம், அங்கே அது இருக்கிறது. மலை வேண்டுமானால் திருவனந்தபுரத்திலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பொன்முடி. மூன்று இரவு போதும்.

ஆறாம் நாள் மாராரியிலிருந்து கோவைக்கு ஆறு, ஏழு மணி நேரம். எர்ணாகுளம் நெரிசலுக்கு முன், காலை ஆறுக்கே கிளம்பினால் மதியச் சாப்பாடு பாலக்காட்டில். அதற்கு முந்தைய மாலையை, ஐந்தாம் நாள் மாலையை, எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். சேர்த்தலைப் பக்கம் தவணக்கடவு என்ற படகுத்துறைக்குப் போங்கள். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து வைக்கம் போக ஏறக்குறைய கால் மணி நேரம். 2017 முதல் அந்தத் தடத்தில் நாட்டின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகு ஓடுகிறது. இயந்திர இரைச்சல் கிடையாது, நீர் விலகும் ஒலி மட்டும் கேட்கும். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-25-இல் நடந்த போராட்டத்தையும், அதில் ஈரோட்டிலிருந்து வந்து சிறைபுகுந்த பெரியாரையும் மகளுக்குச் சொல்லுங்கள். அவர் நினைவகம் படகுத்துறையிலிருந்து தொலைவில் இல்லை. அரை மணி நேரம் அங்கே இருந்துவிட்டு, ஐந்து மணி வாக்கில் திரும்பும் படகைப் பிடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே கரை சேர்ந்துவிடலாம். படகு மேற்கு நோக்கி வரும். அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.